மாட்டுக்குத் தோகை, மண்ணுக்கு வேர்: மேய்ச்சல் புல்லைத் திருத்தும் முறை

புல்லைத் திருத்த வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த ரகம் போடலாம்?" என்பதுதான். பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். இப்போது இருக்கும் புல்லை எந்த வயதில் அறுக்கிறீர்கள்? அறுத்த பிறகு தரையில் எவ்வளவு விட்டு வைக்கிறீர்கள்? இந்த இரண்டும் சரியாக இல்லாத இடத்தில் எவ்வளவு உயர்ந்த ரகத்தைக் கொண்டுவந்து நட்டாலும் சில பருவத்தில் அது பழைய புல்லின் நிலைக்கே வந்து சேரும். ரகத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் என் வரிசையில் அது மூன்றாவதுதான்.

கட்டுத்தறியில் அறுத்துப் போடுகிறவர், வெளியில் மேய விடுகிறவர் இருவருக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். வெப்பமண்டலப் புற்களுக்கென்று ஒரு குணம் உண்டு. வெயிலும் ஈரமும் கிடைத்தால் மடமடவென்று வளரும், அதே வேகத்தில் முற்றியும் போகும். குளிர்நாட்டுப் புல்லுக்குச் சொன்ன முறைகளை இங்கே அப்படியே செய்ய முடியாததற்கு அதுதான் காரணம்.

எதைக் குறைக்கப் பார்க்கிறோம்

மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லின் நார்ச்சத்தை உடைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அங்கேயே இருக்கும் வேறொரு கூட்டம் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடும். மாடு அதில் பெரும்பகுதியை ஏப்பமாக விடுகிறது. தின்ற தீவனத்தின் ஆற்றலில் 6, 7 சதவீதம் இப்படியே காற்றில் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை மாட்டு மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1 கிலோ உலர்பொருள் (தண்ணீரை நீக்கிய தீவன எடை) தின்றால் மாடு ஏறக்குறைய 20 கிராம் மீத்தேன் விடும். 350 கிலோ எடையுள்ள கறவை மாடு ஒன்று முற்றிய புல்லில் நாளுக்கு 8 கிலோ உலர்பொருள் தின்று 4 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீத்தேன் 160 கிராம், அதாவது லிட்டருக்கு 40 கிராம். அதே மாட்டுக்கு இளம்புல்லைப் போட்டால் அது கூடுதலாகத் தின்னும். 10 கிலோ தின்று 8 லிட்டர் கறந்தால் மீத்தேன் 200 கிராம், லிட்டருக்கு 25 கிராம்தான். மாடு உயிரோடு நிற்கவும் நடக்கவும் தேவைப்படும் தீவனம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். முற்றிய புல்லில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். லிட்டருக்கு மீத்தேன் குறைந்தாலும் தனி மாடு விடும் மீத்தேன் 160-லிருந்து 200 கிராமாகக் கூடியிருக்கிறது. நாளுக்கு 40 லிட்டர் பால் வேண்டும் என்றால் பழைய புல்லில் 10 மாடு, 1,600 கிராம் மீத்தேன். நல்ல புல்லில் 5 மாடு, 1,000 கிராம். நல்ல புல் வந்துவிட்டது, இன்னும் நான்கு மாடு கட்டலாம் என்று நினைத்தால் வளிமண்டலத்துக்கு ஒரு நன்மையும் இல்லை, கேடுதான் கூடும். ஆகவே புல்லைத் திருத்தும் திட்டத்தோடு சேர்த்து மந்தையின் கணக்கையும் எழுதிவிடுங்கள்: சினை பிடிக்காமல் நிற்கும் மாடுகள் எத்தனை, கிடேரிகள் எந்த வயதில் முதல் கன்று போடுகின்றன, எவற்றை விட்டுவிடலாம். நல்ல தீவனத்தில் வளரும் கிடேரி சீக்கிரம் பருவத்துக்கு வரும். அப்போது கறக்காமல் தின்னும் காலம் குறையும். மீத்தேனில் கிடைக்கும் பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது வாயு நைட்ரஸ் ஆக்சைடு. யூரியாவிலிருந்தும் மாட்டின் மூத்திரம் விழுந்த இடத்திலிருந்தும் கிளம்புவது. இது கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு. மூன்றாவதாக, மண்ணில் இருக்கும் கரிமம். நல்ல புல் அதைச் சேர்க்கும், கெட்ட மேய்ச்சல் அதை இழக்கும்.

புல்லின் வயதைக் கையால் பார்ப்பது

நாட்காட்டியை நம்புவதைவிடக் கையை நம்புங்கள். மழை நன்றாகப் பெய்த மாதத்தில் 35 நாளில் முற்றும் புல், வறண்ட மாதத்தில் 60 நாளானாலும் இளசாகவே நிற்கும்.

வயலின் நடுவில் ஒரு தூரைப் பிடித்து, ஒரு தண்டைத் தரையோடு பறித்தெடுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அடியிலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். வழவழவென்று போனால் அது இன்னும் தண்டே இல்லை, தோகைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு தண்டுபோல் தெரிகிறது. விரலில் முண்டு முண்டாக முட்டினால் கணு எழும்பிவிட்டது என்று பொருள். பிளேடால் அதை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிறிய, கூர்மையான குருத்து முனை தெரியும். இளம் தண்டில் அது மண்ணை ஒட்டியே இருக்கும். கணு நீள நீள அதுவும் மேலே ஏறும். அது ஏறத் தொடங்கிய பிறகு புல் தன் பலத்தையெல்லாம் தண்டுக்கும் பூவுக்கும் கொடுக்கிறது. தண்டைக் கட்டையாக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் சேர்கிறது. லிக்னினை முதல் வயிற்று நுண்ணுயிர்களால் உடைக்க முடியாது, அதைச் சுற்றியுள்ள நல்ல நாரையும் அது மூடிவிடும்.

இதே போல் பத்துத் தண்டுகளைப் பறித்து, தோகையை ஒரு குவியலாகவும் தண்டை ஒரு குவியலாகவும் பிரித்து நிறுத்துப் பாருங்கள். தோகையின் எடை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் தாமதமாகிவிட்டது. நான் எந்த வயலுக்குப் போனாலும் முதலில் செய்வது இதைத்தான். வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் உயரத்துக்குப் பச்சையாக நின்று மனதுக்கு நிறைவாக இருக்கும். பிரித்து நிறுத்தால்தான் அந்த உயரம் முழுக்கத் தண்டு என்று தெரியும்.

புரதத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இளசாக இருக்கும்போது உலர்பொருளில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மூன்று மாதம் விட்டால் 5, 6-க்கு இறங்கிவிடும். 7 சதவீதத்துக்குக் கீழே போனால் முதல் வயிற்று நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து (நைட்ரஜன்) போதாது. புல் வயிற்றில் தேங்கி நிற்கும், மாடு தின்பதைக் குறைத்துக்கொள்ளும். தொட்டி நிறையப் புல் கிடக்க மாடு இளைக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

சரி, எந்த உயரத்தில் மேய விடுவது? பிரேசில் ஆய்வாளர்கள் வெப்பமண்டலப் புற்களுக்கு ஒரு நல்ல அளவுகோலைக் காட்டினார்கள். மேலிருந்து விழும் ஒளியில் 95 சதவீதத்தைத் தோகைகள் பிடித்துவிட்டால், அதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் தண்டும் அடியில் காயும் தோகையும்தான். அந்த நிலை பிரக்கியாரியா என்ற புல்லின் மரண்டு ரகத்தில் சுமார் 25 செ.மீ. உயரத்தில் வரும். கினியா புல்லில் தான்சானியா ரகத்துக்கு 70, மொம்பாசாவுக்கு 90 செ.மீ. மாடுகளை வெளியே எடுக்க வேண்டிய உயரம் மரண்டுவுக்கு 15, கினியா ரகங்களுக்கு 30-லிருந்து 50 வரை. ஒரு கம்பை எடுத்து உள்ளே விடும் உயரத்திலும் வெளியே எடுக்கும் உயரத்திலும் வர்ணம் அடித்து வேலியில் சாய்த்து வையுங்கள். வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கம்பைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அறுத்துப் போடும் நேப்பியர் வகைகளுக்கு நட்ட பிறகு முதல் அறுப்பு 75 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்ல மழையிலும் உரத்திலும் ஒரு வாரம் முன்னாலேயே அறுத்துவிடுவது என் வழக்கம். தரையிலிருந்து 10, 15 செ.மீ. விட்டு அறுக்க வேண்டும்.

மிச்சம் விடுவதும் வேரும்

ஒட்ட அறுத்தால் இரண்டு கூடை கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த இரண்டு கூடைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்க ஒரு மண்வெட்டி போதும். ஒட்ட மேய்ந்த இடத்தில் ஒரு தூரையும், மிச்சம் விட்டு மேய்ந்த இடத்தில் ஒரு தூரையும் மண்ணோடு, ஒரு முழ ஆழத்துக்குக் கட்டியாக வெட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒட்ட மேய்ந்ததில் வேர்கள் மேல் மண்ணிலேயே பழுப்பாக, நூல் நூலாக நின்றுவிடும். இழுத்தால் அறுந்து வரும். மண் பலகை போல் தட்டையாக உடையும். மிச்சம் விட்டதில் வெள்ளை வேர்கள் கட்டியின் அடிவரை போயிருக்கும், அவற்றைச் சுற்றி மண் மணி மணியாக ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழாது. மண்புழு போன வழியும் தெரியும்.

தோகை முழுவதையும் இழந்த புல் மறுபடி தழைக்க அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத்தான் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வேர் வளர்வது நின்றுவிடும். திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் வேர் சுருங்கும், மண்ணுக்குள் போகும் கரிமமும் சுருங்கும். நடுவில் வெறுந்தரை தெரியும், அங்கே களை வரும், மழையில் மண் அரிக்கும்.

ஆழவேர்ப் புற்களின் பலம் சாதாரணமானது அல்ல. கொலம்பியாவின் கிழக்குச் சமவெளிகளில் காம்பா புல்லும் ஹியூமிடிக்கோலா என்ற பிரக்கியாரியாவும் நட்ட நிலங்களில் மண்ணின் ஆழத்தில் கரிமம் கூடியிருப்பதை 1994-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உழவு எட்டாத ஆழத்தில் சேர்ந்த கரிமம் எளிதில் கரைவதில்லை. ஆனால் இந்தச் சேமிப்பு முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகாது. சீரழிந்த நிலத்தில் சில பத்தாண்டுகளுக்கு நன்றாக ஏறும், பிறகு ஒரு மட்டத்தில் நிற்கும். "மண் கரிமம் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும், மாட்டைக் குறைக்கத் தேவையில்லை" என்று சொல்கிறவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை.

நிலத்தைத் துண்டு போடுவது

மேய விடுகிறவர்களுக்கு இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஒரே வெளியில் மாடுகளை அவிழ்த்துவிட்டால் அவை நேற்று கடித்த தூரின் புதுத் தளிரையே இன்றும் தேடிப் போய்க் கடிக்கும். நல்ல புல் செத்து, மாடு சீண்டாத புல் பெருகும். ஆகவே ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் மாடு நிற்கக் கூடாது, புதுத் தளிர் எழுவதற்குள் வெளியேறிவிட வேண்டும்.

எத்தனை துண்டு வேண்டும் என்பது எளிய கணக்கு. புல் மறுபடி உயரம் பிடிக்க 28 நாள் வேண்டும், ஒரு துண்டில் 2 நாள் மேய்கிறது என்றால், 28-ஐ 2-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும்: 15 துண்டு. ஒற்றைக் கம்பி மின்வேலியை நகர்த்திக்கொண்டே போனால் நிரந்தர வேலிக்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஒரு நாளுக்கு எவ்வளவு இடம் என்பதற்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். புல் சராசரியாக இருக்கும் நாலைந்து இடத்தில் அதை வைத்து, மிச்சம் விட வேண்டிய உயரத்துக்கு மேலே உள்ளதை மட்டும் அறுத்து நிறுங்கள். சராசரி 800 கிராம் வந்தால், பச்சைப்புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்று வைத்து 160 கிராம். மிதிபட்டும் சாணி விழுந்தும் வீணாவதற்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 120 கிராம். 350 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 9 கிலோ உலர்பொருள் என்றால் 75 சதுர மீட்டர். பத்து மாட்டுக்கு 750. முதல் சில முறை அளந்து செய்தால் அப்புறம் கண்ணே அளவு சொல்லிவிடும்.

வறண்ட காலத்தில் புல் நின்றுபோகும்போது உள்ள நிலத்திலேயே மாடுகளைச் சுற்ற விடாதீர்கள். ஒரே ஒரு துண்டை அதற்கென்று ஒதுக்கி, அங்கே கட்டிப்போட்டு, மழைக்காலத்தில் இளசாக அறுத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்த ஊறுகாய்ப்புல்லையோ உலர்புல்லையோ போடுங்கள். அந்த ஒரு துண்டு கெடும். மற்றவை பிழைக்கும். முற்றிப்போன புல்லைத் தீ வைத்துக் கொளுத்தும் வழக்கத்தை விட்டே ஆக வேண்டும். அதிலும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் போகின்றன.

சாணியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

புல் சரியான வயதில் போகிறதா என்பதற்கு மாடு தினமும் விடை போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. காலையில் புதிதாக விழுந்த சாணியை ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள். அடுக்கடுக்காக உயர்ந்து, கெட்டியாக, நீள நீளமான நார் தெரிந்தால் புல் முற்றல், புரதம் போதவில்லை. தட்டையாக வட்டமாக விழுந்து நடுவில் சிறு குழியோடு இருந்தால் நல்லது. தண்ணீராகத் தெறித்தால் புல் மிகவும் இளசு. அப்போது மிஞ்சிய புரதம் யூரியாவாக மூத்திரத்தில் போய்க்கொண்டிருக்கும், நைட்ரஸ் ஆக்சைடு அங்கேதான் கூடும். கொஞ்சம் உலர்தீவனத்தைச் சேர்த்தால் சரியாகும். தீவனத்தை மாற்றும்போது இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாக மாற்றுங்கள், முதல் வயிற்று நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாளாகும்.

யூரியாவைக் குறைக்கப் பயறுவகைத் தீவனம்

புல்லுக்குத் தழைச்சத்து வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் 100 கிலோ தழைச்சத்து போட்டால், அதாவது ஏறக்குறைய 217 கிலோ யூரியா, அதில் சுமார் 1 கிலோ தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் பொதுக் கணக்கு. வாயுவின் எடையில் அது 1.57 கிலோ. 273-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். தொழிற்சாலையில் யூரியா செய்யும்போது வெளியேறுவது தனி. ஒரேயடியாகக் கொட்டாமல் ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு பிரித்துப் போடுவது, பெருமழை வரும் என்று தெரிந்தால் நிறுத்தி வைப்பது, தண்ணீர் தேங்கிய நிலத்தில் போடவே போடாமல் இருப்பது, இந்த மூன்றும் உடனே பலன் தரும்.

நிலையான வழி பயறுவகைச் செடிகளைப் புல்லோடு கலப்பதுதான். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்துத் தரும், மாட்டுக்குப் புரதமும் தரும். மேய்ச்சல் நிலத்தில் 20 முதல் 40 சதவீதம் பயறுவகை இருந்தால் நல்ல கலவை. வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில் முயல்மசால் தாங்கும். களிமண்ணில் சங்குப்பூ நன்றாகப் படரும். நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்குக் கொடிநிலக்கடலை வகையான அராக்கிஸ் பின்டோய். அறுத்துப் போடுகிறவர்கள் நேப்பியர் வரிசைகளுக்கு இடையில் வேலிமசால் வைக்கலாம். விதையின் தோல் கெட்டியாக இருப்பதால் முயல்மசால், வேலிமசால், சூபாபுல் மரம் ஆகியவற்றின் விதைகளை 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்து எடுத்து, குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, அந்தச் செடிக்குரிய ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாவைக் கலந்து விதைக்க வேண்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் பயறுவகை நிற்காது. யூரியாவில் மிச்சமாகும் செலவில் ஒரு பங்கை மணிச்சத்துக்குக் கொடுங்கள். கலப்பில் புல் ஓங்கி நிழல் போட்டால் கொடி காணாமல் போகும். அப்போது ஒரு சுற்று புல்லைச் சற்று முன்னதாக மேய விட்டு வெளிச்சம் காட்ட வேண்டும்.

சூபாபுல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இலையிலுள்ள டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் முதல் வயிற்றில் மீத்தேனைக் குறைக்கின்றன. புரதத்தின் ஒரு பகுதியைப் பிணைத்து வைப்பதால் தழைச்சத்து மூத்திரத்தில் போவது குறைந்து சாணியில் போகிறது. சாணியிலிருந்து அது மெதுவாகத்தான் வெளிவரும். ஆனால் சூபாபுல்லில் மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. தீவனத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முடி உதிர்வது, எச்சில் ஒழுகுவது, கழுத்தில் வீக்கம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இந்த நஞ்சை முறிக்கும் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்ற நுண்ணுயிர் சில நாடுகளில் உள்ள ஆடுமாடுகளின் வயிற்றில் உண்டு. அது ஹவாய் ஆடுகளிலிருந்து ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. உங்கள் மந்தையில் அது இருக்கிறது என்று நம்பி அளவை மீறாதீர்கள்.

இப்போது ரகம்

முதலிரண்டும் கைக்கு வந்துவிட்டால் ரகம் உண்மையிலேயே பலன் தரும். பிரக்கியாரியா என்று நாம் சொல்லும் புற்களின் பூர்விகம் ஆப்பிரிக்கா. இப்போதைய அறிவியல் பெயர் யூரோக்லோவா. இவற்றில் பல இனங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை கட்டும், விதையெல்லாம் தாயின் நகல். அதனால் கலப்பினம் செய்வது நெடுங்காலம் முடியாமல் இருந்தது. ருசிசியென்சிஸ் என்ற பாலினப் பெருக்கமுள்ள இனத்தின் குரோமோசோம்களைக் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் கொண்டு இரட்டிப்பாக்கிய பிறகுதான் வழி திறந்தது. முலாட்டோ 2 என்ற கலப்பினம் அந்த வழியில் வந்தது. தோகை அதிகம், புரதம் நன்று, வறட்சி ஓரளவு தாங்கும். தண்ணீர் தேங்கினால் தாங்காது. பிரேசிலின் வேளாண் ஆய்வு நிறுவனமான எம்ப்ராபா 1984-இல் வெளியிட்ட மரண்டுவுக்கும் அதே குறை உண்டு.

சூழலை நினைத்து ரகம் தேடுகிறவர்கள் ஹியூமிடிக்கோலாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் வேர் பிரக்கியாலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது. மண்ணில் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை அது தடுக்கிறது. நைட்ரேட் குறைந்தால் நைட்ரஸ் ஆக்சைடும் குறையும், தண்ணீரோடு கசிந்து போவதும் குறையும். ஜப்பானின் ஜிர்காஸ், கொலம்பியாவில் உள்ள சியாட் ஆகிய வேளாண் ஆய்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2009-இல் அந்தப் பொருளை அடையாளம் கண்டார்கள். ஈரமான, அமில மண்ணில் இது நன்றாக நிற்கும். ஆனால் தீவனத் தரம் முலாட்டோவைவிடக் குறைவு, ஆக்சலேட் இருப்பதால் குதிரைகளுக்கு ஆகாது. தண்ணீர் நிற்கும் தாழ்ந்த துண்டில் இதையும் மேட்டில் தரமான புல்லையும் வைப்பதே என் யோசனை.

வறண்ட மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல், மரநிழலுக்குக் கினியா. செம்மறி வைத்திருப்பவர்கள் டெகும்பென்ஸ் பிரக்கியாரியாவை மட்டும் நம்பக் கூடாது. அதிலுள்ள சப்போனின் என்ற பொருள் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்ட தோல் புண்ணாகிவிடும், குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். எந்த நிலத்திலும் குறைந்தது இரண்டு புல்லாவது வையுங்கள். விதை நகலாகவும் கரணை நகலாகவும் பரவும் புல்லில் ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். கிழக்கு ஆப்பிரிக்காவில் நேப்பியர் குட்டை நோய் பரவியபோது கண்டது அதுதான். கரணை வாங்கும்போது மஞ்சள் பாய்ந்து சிறுத்த தூரிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரக்கியாரியாவின் புது விதை உறக்கத்தில் இருக்கும், சில மாதம் வைத்திருந்து விதைக்க வேண்டும். 1, 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் போனால் முளைப்பு குறையும். மேலாகத் தூவி லேசாக மிதித்துவிட்டால் போதும். முதல் மேய்ச்சல் தூர்கட்டிய பிறகு, லேசாக. பறித்துப் பார்க்கும்போது வேரோடு வந்தால் இன்னும் காத்திருங்கள்.

எங்கே நடக் கூடாது

இதை நான் வேண்டிக்கேட்டே சொல்கிறேன். காட்டையோ இயற்கைப் புல்வெளியையோ உழுது புதுப்புல் போடாதீர்கள். அங்கே மண்ணில் இருக்கும் கரிமம் உழுத பிறகு வேகமாகக் குறைந்துவிடும், எந்த ரகமும் அதைத் திருப்பித் தர நெடுங்காலமாகும். அங்கே வாழும் செடிகளும் பறவைகளும் பூச்சிகளும் திரும்பவே மாட்டா. ஏற்கெனவே மேய்ச்சலால் சீரழிந்த நிலம்தான் இந்த வேலைக்கு உரிய இடம்.

நல்ல புல் என்பதற்காக அது எங்கும் நல்லதல்ல. ஆழவேருக்குப் பேர்போன அதே காம்பா புல் வட ஆஸ்திரேலியாவில் காட்டுக்குள் பரவி, உயரமாகக் காய்ந்து, கடுந்தீக்கு எரிபொருளாகி, இன்று அங்கே ஒழிக்க வேண்டிய களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நீர்ப்புல் அங்குள்ள சதுப்பு நிலங்களை மூடியிருக்கிறது. ஆகவே ஓடை, ஏரி, சதுப்பு ஓரங்களில் நீர்ப்புல்லை நட வேண்டாம். காட்டை ஒட்டிய பக்கம் விதை பரப்பும் புல்லுக்குப் பதிலாக, விதை அதிகம் கட்டாத கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை வையுங்கள். மற்ற புற்களைப் பூ எடுப்பதற்குள் அறுத்துவிடுங்கள். எல்லையை மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நடந்து பார்த்து, வெளியே முளைத்த தூர்களை வேரோடு பிடுங்கி எடுங்கள்.